அக்கா பதில்கள்: ராத்திரியில் காதுக்குள் கேட்கும் சத்தம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, காதைப் பற்றியவை. இங்கே பர்மாவில், மாண்டலேயிலிருந்து வந்த முதல் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் இருபத்தாறு வருடம் காது மூக்கு தொண்டைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள், என் இடது காதிலும் பதினான்கு வருடமாக இரைச்சல் உண்டு, அதனால் சமையல் கேள்விகளையும் பிள்ளைகள் படிப்புக் கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்தத் தடவை இதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அக்கா, எனக்கு 49 வயது. 2025 மார்ச் 28 பூகம்பத்தில், ஜும்மா தொழுகைக்குப் போன இடத்தில் என் வீட்டுக்காரர் மவுத்தாகிவிட்டார். வீட்டின் பின்சுவரும் விழுந்துவிட்டது. கொஞ்ச நாள் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தோம், அப்புறம் தங்கை வீட்டில் ஓர் அறையில் இத்தா (கணவன் இறந்த பிறகு வெளியே போகாமல் இருக்கும் நாட்கள்) இருந்தேன். அந்த நாட்களில்தான் காதில் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது, இன்று வரை நிற்கவில்லை. படுத்தால் கட்டில் ஆடுவது போலவும் இருக்கிறது. டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இதற்கு மருந்து கிடையாது, பழகிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார். இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. இரவு இஷா தொழுகைக்குப் பிறகு, அவர் வழக்கமாக வரும் நேரத்தில், வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்கிறது. இரண்டு தடவை எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டேன். தங்கை ஓதிப் பார்க்கலாம் என்கிறாள். மகன் மலேசியாவில் இருக்கிறான், வர முடியாத நிலைமை. எனக்குப் புத்தி பேதலிக்கிறதா அக்கா? சில நாள், இப்படி இருப்பதற்கு இல்லாமலே போய்விடலாம் என்று தோன்றுகிறது.
(ஒரு சகோதரி, மாண்டலே)

தங்கச்சி, கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இல்லாமல் போய்விடலாம் என்ற நினைப்பு உங்களுக்கு வருகிறது என்பதை, இதைப் படித்த அன்றைக்கே உங்கள் தங்கையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சாடையாகச் சொன்னால் போதாது, எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ராத்திரியில் தனியறையில் படுக்க வேண்டாம், அவளோ அவள் மகளோ பக்கத்தில் படுக்கட்டும். மகனுக்கும் தெரியட்டும். அவனால் வர முடியாது, ஆனால் தினமும் ஒரு நேரம் வைத்துப் பேச முடியும். அந்த நினைப்பு ஒருநாள் கூடுதலாக வந்தால், எப்படிச் செய்வது என்கிற அளவுக்குப் போனால், விடியட்டும் என்று காத்திருக்காமல் தங்கையை எழுப்புங்கள், அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காதை விட எனக்கு இதுதான் முக்கியம்.

சரி, இப்போது சத்தங்களுக்கு வருவோம். நீங்கள் ஒன்று என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள், ஆனால் அவை இரண்டு.

ஸ்டாண்ட் போடும் சத்தம் துக்கத்தில் வருவது. உங்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. 1971ல் வேல்ஸ் நாட்டு டாக்டர் ஒருவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைத் தேடிப் போய் உட்கார்ந்து விசாரித்து எழுதியிருக்கிறார். ஏறக்குறைய பாதிப்பேருக்கு இறந்தவர் பக்கத்தில் இருப்பது போலவோ, கண்ணில் படுவது போலவோ, பேசுவது போலவோ ஏதாவது ஒன்று நடந்திருக்கிறது, நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குக் குரலே கேட்டிருக்கிறது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் அதுவரை ஒருவரிடமும் அதைச் சொன்னதில்லை. உங்களைப் போலத்தான், உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். இத்தனை வருடம் அந்த நேரத்தில் அந்த ஸ்டாண்ட் சத்தத்துக்காகக் காத்திருந்த காது, தங்கச்சி. அவர் வந்த பிறகுதான் சோற்றைப் போட்டிருப்பீர்கள், அவர் வந்த பிறகுதான் வாசல் விளக்கை அணைத்திருப்பீர்கள். அந்த நேரம் வந்தால் மூளை பழைய கணக்கில் அந்தச் சத்தத்தைத் தானே போட்டுக் காட்டுகிறது. கதவைத் திறந்தது தப்பில்லை. அடுத்த தடவை கேட்டால் தங்கையைக் கூப்பிட்டு, "இப்போ அவர் வண்டிச் சத்தம் கேட்டுச்சு" என்று சொல்லுங்கள், அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள். ஓதுவது உங்களுக்கு ஆறுதல் தருமானால் தாராளமாக ஓதுங்கள், ஆனால் யாராவது இது ஜின் வேலை, செய்வினை என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பகலிலும் குரல் கேட்டுக்கொண்டே இருந்தாலோ, அது உங்களைத் திட்டினாலோ, இதைச் செய் அதைச் செய் என்று ஏவினாலோ அது வேறு விஷயம், அப்போது மனநல டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும்.

'கொய்ங்' சத்தம் காது இரைச்சல். ஊரில் காதுக்குள் வண்டு கத்துகிறது என்பார்கள். பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது என்று 2022ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள், நூற்றுக்கு இரண்டு பேரை ரொம்பவே படுத்துகிறது. உள்காதில் மயிரிழை போன்ற செல்கள் பல ஆயிரம் இருக்கின்றன. வயதாலோ, பெரும் சத்தத்தாலோ, சில மருந்துகளாலோ அவற்றில் கொஞ்சம் கெட்டுப்போனால் அந்தப் பக்கத்திலிருந்து மூளைக்கு வரும் சேதி குறைகிறது. பழைய சிற்றலை ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காதபோது அத்தா வால்யூமைத் திருகித் திருகி வைப்பாரே, பாட்டு வராது, 'உஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் பெரிதாக வரும். மூளையும் அப்படித்தான் வால்யூமைக் கூட்டுகிறது. சத்தம் வெளியில் இல்லை, ஆனால் உங்கள் கற்பனையும் இல்லை.

அது ஏன் இந்த நேரத்தில் பார்த்து வந்தது என்று கேட்பீர்கள். கொஞ்சம் முன்பே இருந்திருக்கலாம், உங்களுக்குத் தெரிந்திருக்காது. 1953ல் அமெரிக்காவில் காது இரைச்சல் என்று எந்தப் புகாரும் இல்லாத 80 பேரைச் சத்தமே நுழையாத அறைக்குள் சில நிமிடம் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் ரீங்காரம், இரைச்சல், விசில் என்று ஏதோ ஒன்றை எழுதினார்கள். நீங்கள் நாலு மாதம் பத்து நாள் ஓர் அமைதியான அறையில் இருந்திருக்கிறீர்கள். இத்தா இருந்ததால் வந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படி எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அமைதி அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான். அதற்கு மேல், பூகம்பம் கண்ட உடம்பு அன்றிலிருந்து காவல் காக்கிறது. பின்னதிர்வு வருகிறதா, சுவர் முறிகிறதா, யாராவது கத்துகிறார்களா என்று ராப்பகலாக ஒட்டுக்கேட்கிறது. அப்படி விழித்துக் கிடக்கும் மூளைக்குப் புதிதாக ஒரு சத்தம் கிடைத்தால் அதை ஆபத்து என்றுதான் குறித்துக்கொள்ளும், ஆபத்து என்று குறித்ததை விடாமல் கவனிக்கும், கவனிக்கக் கவனிக்கப் பெரிதாகும், பெரிதானால் தூக்கம் போகும், தூக்கம் போனால் மறுநாள் இன்னும் பெரிதாகும். கட்டில் ஆடுவதும் அதே காவல்தான். தலைமாட்டில் ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் வையுங்கள். ஆடுவது போல இருந்தால் ஒரே ஒரு தடவை தண்ணீரைப் பாருங்கள். அது அசையவில்லை என்றால் பூமியும் அசையவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். 2011ல் அம்மா படுக்கையில் கிடந்தார், நான் ராத்திரி ராத்திரியாக விழித்திருந்தேன், அப்போதுதான் இடது காதில் ஆரம்பித்தது. காது பிரிவில் வேலை பார்த்தவள், நோயாளிகளுக்குப் பக்கம் பக்கமாகச் சொல்லிக் கொடுத்தவள், எனக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோச்சு. உள்ளங்கையால் காதை அடைத்து, இருக்கிறதா, கூடியிருக்கிறதா, நேற்றைவிட மெல்லிசா என்று ஒரு ராத்திரிக்கு இருபது தடவை பார்ப்பேன். ஒருநாள் பத்து மணிக்குக் கீழ்க்கடைக்காரர் மீசெட்டை, அதாவது மின்சாரம் எடுக்கும் ஜெனரேட்டரை, நிறுத்தினார். அந்த மோட்டார் அடங்கின நொடியில் காது வீல் என்று எழுந்தது. அப்போது பின்பக்கக் குழாயோரத்தில் ஒரு தவுத்தே கூப்பிட்டது. இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும், அந்தப் பெரிய பல்லி எத்தனை தடவை கூப்பிடுகிறது என்று சின்ன வயதிலிருந்தே எண்ணுவோம். நானும் பழக்கத்தில் எண்ணினேன், ஏழு. எண்ணி முடித்த பிறகுதான் உறைத்தது, அந்த ஏழு கூப்பாடு முடியும் வரை என் காது இரைச்சல் எனக்குக் கேட்கவே இல்லை. அது எங்கேயும் போகவில்லை. நான்தான் அதன் பக்கத்திலிருந்து எழுந்து வேறு இடத்துக்குப் போயிருந்தேன். அன்றிலிருந்து காதை அடைத்துப் பார்ப்பதை விட்டேன். சுலபமாக இல்லை, கை தானாகப் போகும், கையை எடுத்து அம்மா கையின் மேல் வைத்துக்கொள்வேன்.

உங்கள் டாக்டர் சொன்ன "பழகிக்கொள்ளுங்கள்" பொய் இல்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். எப்படிப் பழகுவது என்பதை யாராவது சொல்ல வேண்டும் அல்லவா, அதைத்தான் நான் சொல்லப் பார்க்கிறேன்.

ராத்திரியில் முழு அமைதி வேண்டாம். மின்சாரம் இல்லாத நேரத்தில் காற்றாடி போட முடியாது, அதனால் மின்சாரம் வேண்டாத வழிகளைப் பாருங்கள். சார்ஜ் செய்து வைக்கிற சின்ன மேஜைக் காற்றாடி ஒன்று, அல்லது போனில் முன்கூட்டியே இறக்கி வைத்த மழைச் சத்தம். அதுவும் இல்லையா, ஒரு மண்பானையின் அடியில் ஊசித் துளை போட்டு, கீழே ஒரு அலுமினியத் தட்டை வைத்தால் விடிய விடியச் சொட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வார்டில் ஒரு பாட்டி இப்படித்தான் சமாளித்தார். வைக்கிற சத்தம் இரைச்சலை அமுக்கிவிடக் கூடாது, அதற்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து காதில் விழ வேண்டும். அப்போதுதான் மூளை, இதுவும் வீட்டுச் சத்தங்களில் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே படுத்தவர்கள் காது இரைச்சல் என்று அவ்வளவாகப் புகார் சொல்ல மாட்டார்கள், குளிர்காலம் வந்து ராத்திரி அடங்கினதும்தான் எங்கள் பிரிவில் கூட்டம் சேரும். நீங்கள் எழுதியிருப்பதும் குளிர் தொடங்கும் இந்த மாதத்தில்தான், ஜூன் வரை இப்படியே இருக்கும் என்று மலைத்துவிடாதீர்கள்.

அடுத்தது, மனநல நிபுணரோடு பேசிப் பேசிப் பயந்த எண்ணங்களை மாற்றும் சிகிச்சை. இரைச்சலால் வரும் மன வேதனைக்கு அதிக ஆதாரம் இருக்கிற சிகிச்சை அதுதான். சத்தத்தின் அளவை அது குறைக்காது, சத்தத்தின் மேல் உள்ள பயத்தைக் குறைக்கும். நம் ஊரில் அதைச் செய்பவர்கள் குறைவு, ஆனால் அதில் ஒரு சின்னப் பகுதியை நோட்டும் பேனாவும் வைத்தே செய்யலாம். ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நினைக்கிறீர்களோ அதை அப்படியே எழுதுங்கள். "இது நிற்கவே நிற்காது, நான் இனிமேல் தூங்கவே மாட்டேன்." மறுநாள் காலையில், டீ குடித்த பிறகு, அதற்குக் கீழே நடந்ததை எழுதுங்கள். "இரண்டரைக்குத் தூங்கினேன், ஃபஜ்ருக்குத் தங்கை எழுப்பினாள்." பத்து நாள் எழுதின பிறகு முதல் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள்.

டீயை விடச் சொல்லி யாராவது சொல்லியிருப்பார்கள். டீயை விட்டால் இரைச்சல் போகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, விட வேண்டாம். ஆனால் மாலைக்குப் பிறகு டீயும் லப்பெட்டும் (ஊறவைத்த தேயிலை) தூக்கத்தைக் கெடுக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அதற்காகத்தானே லப்பெட் தின்கிறார்கள். பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெய் காதில் விட வேண்டாம், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சீழ் பிடிக்கும். தூக்க மாத்திரையைக் கடையில் நீங்களே கேட்டு வாங்க வேண்டாம். பணம் கையில் வரும்போது ஒரு செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கேட்கும் சக்தி குறைந்திருந்தால் காது மிஷின் போட்டதும் இரைச்சலும் அடங்குவது பலருக்கு நடக்கிறது. அன்றைக்குத் தலையில் ஏதாவது விழுந்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

இரைச்சல் முழுதாகப் போய்விடும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்குப் போகவில்லை, இதை எழுதும்போது கேட்கிறது, ஏனென்றால் அதைப் பற்றி எழுதுகிறேன். காலையில் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்து சமைத்தேன், அந்த மூன்று மணி நேரத்தில் அது இருந்ததா இல்லையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் அப்படி மூன்று மணி நேரம் வரும். முதலில் பத்து நிமிடமாக வரும். அடுத்த மாதம் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள்.

அக்கா, அப்பாவுக்கு 81 வயது, காது ரொம்ப மந்தம். மூன்று மாதமாக ராத்திரியில் பக்கத்து வீட்டில் நாதஸ்வரம் வாசிக்கிறார்கள் என்கிறார். அங்கே ஒரு சத்தமும் இல்லை. நேற்றுப் போய் அவர்கள் கதவைத் தட்டிச் சண்டை போட்டுவிட்டார். பேய் பிடித்திருக்கிறது என்கிறார்கள்.
(மகள், மோல்மீன்)

பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை அம்மா. காது கேட்காத முதியவர்களுக்குப் பாட்டும் மேளமும் கேட்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். கால் எடுத்தவருக்கு இல்லாத காலில் அரிப்பு எடுப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது போலத்தான், வெளியிலிருந்து சத்தம் வருவது நின்றுபோனால் மூளை தன்னிடம் இருக்கும் பழைய சரக்கை எடுத்துப் போடுகிறது. அப்பாவிடம் "ஒண்ணும் இல்ல, சும்மா இருங்க" என்று சொல்லாதீர்கள். அவருக்கு உண்மையாகவே கேட்கிறது, நீங்கள் மறுத்தால் எல்லோரும் சேர்ந்து ஏமாற்றுவதாக நினைப்பார். "எனக்குக் கேட்கலைப்பா, உங்க காதுக்குள்ள கேட்குது, என்ன வாசிக்கிறாங்க?" என்று கேளுங்கள். சின்ன வயதில் கோயில் திருவிழாவில் கேட்டதாக இருக்கும், சொல்ல ஆரம்பித்தால் அந்த வருடம் தேர் இழுத்தவர்கள் பேர் வரைக்கும் சொல்வார். காது மிஷின் போட்டுப் பாருங்கள், பகலில் பக்கத்தில் உட்கார்ந்து நிறையப் பேசுங்கள், சாப்பிடும் மாத்திரைகளை டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்கு நீங்களே போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், ஒரு தட்டுப் பலகாரத்தோடு போனால் இன்னும் நல்லது. நாள் கிழமை மறப்பது, வீட்டு ஆளையே அடையாளம் தெரியாமல் போவது, திடீரென்று உளறல், காய்ச்சல் இவையும் சேர்ந்திருந்தால் உடனே டாக்டர்.

நான் ரங்கூனில் போன் கடையில் வேலை செய்கிறேன், வயது 23. கடை வாசலில் மூன்று மீசெட் ஓடும். ராத்திரி வீட்டுக்குப் போனால் காதில் 'ஞொய்' என்று இரண்டு மணி நேரம் இருக்கிறது, காலையில் சரியாகிவிடுகிறது. பரவாயில்லைதானே?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன் தம்பி. அந்த இரண்டு மணி நேரம் உன் காது உனக்குச் சொல்கிற எச்சரிக்கை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்கு வைத்த கணக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும், 88 என்றால் நாலு மணி, 91 என்றால் இரண்டு மணிதான். எதிரில் நிற்பவரிடம் நீ கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டாய் என்று வைத்துக்கொள். பஞ்சு போன்ற நுரை அடைப்பான் வாங்கி மீசெட் ஓடும் நேரத்தில் போட்டுக்கொள், முதலாளியிடம் பேசி மிஷினைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளி வைக்கச் சொல். வீட்டுக்கு வந்த பிறகு ஹெட்போன் வேண்டாம். ராத்திரி படுக்கும்போது மட்டும் அடைப்பானைக் கழற்றிவிடு, அப்போது போட்டால் உள்ளே இருக்கிற இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கும்.

மலேரியாவுக்கு மாத்திரை சாப்பிட்டதிலிருந்து காது இரைகிறது. நிறுத்திவிடலாமா?
(பெகு வாசகர்)

என்ன மாத்திரை என்று எழுதவில்லை. கொய்னா (குவினைன்) என்றால் அது காதை இரைய வைக்கும், எனக்கே சின்ன வயதில் ஒரு வாரம் இரைந்து, மருந்து முடிந்ததும் போய்விட்டது. ஆஸ்பிரின் அதிகம் சாப்பிட்டாலும் இரையும், கடையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் கலப்பு மாத்திரைகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அவற்றை வாங்காதீர்கள். காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி காதை நிரந்தரமாகவே கெடுக்கலாம். ஆனால் மலேரியாவோ காசநோயோ, மருந்தைப் பாதியில் நீங்களாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, மருந்து கொடுத்தவரிடம் இன்றைக்கே போய் "காது இரைகிறது" என்று சொல்லுங்கள், வேறு மருந்துக்கு மாற்றுவது அவர் வேலை.

அக்கா, வலது காதில் மட்டும் 'டப் டப்' என்று கேட்கிறது. நாடியைப் பிடித்துப் பார்த்தால் அதே தாளம். முந்தாநாளிலிருந்து அந்தக் காது சரியாகக் கேட்கவும் இல்லை. மகள் கல்யாணம் முடியட்டும் என்று இருக்கிறேன்.

மேலே நான் சொன்ன பானையும் நோட்டும் உங்களுக்கு இல்லை அண்ணே. நாடியோடு சேர்ந்து அடிக்கும் சத்தம் ரத்தக் குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், படம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது அதைவிட அவசரம், ஸ்டீராய்டு மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் முதல் சில நாட்களில் கொடுத்தால்தான் பலன் அதிகம். இந்த இதழ் உங்கள் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும் என்பதால் உங்கள் கடிதத்தில் இருந்த நம்பருக்கு நேற்றே போன் செய்தேன், மகள்தான் எடுத்தாள், அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். காலையில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள்.